வாய்க்குள் போனதெல்லாம்

எண் இறங்கவில்லை.

கோதுமையை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் இருபதுக்குள் வந்திருக்க வேண்டிய எண், நூற்று நாற்பதில் நிற்கிறது.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வருத்தமாக இல்லை. இரண்டு வருடமாக எதுவும் எதுவாகவும் இல்லை.

எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

மைதா, ரவை, சேமியா எல்லாம் முதலிலேயே போயின. மூன்றும் கோதுமைதான். பிறகு பெருங்காயம். அவள் வாங்கும் டப்பாவில் பாதிக்கு மேல் கோதுமை மாவு. பிசினைத் தூளாக நிறுத்திவைக்க ஏதாவது ஒரு மாவு வேண்டும். பிறகு மாவு மில். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், அடுத்து விழுகிற அரிசி மாவில் அவருடையதும் கொஞ்சம் இருக்கும். அதனால் வீட்டிலேயே அரைக்கிறாள். தோசைக்கல் புதிது. மக்ரூனில் முட்டையும் முந்திரியும் சீனியும்தான் உண்டு. ஆனால் பேக்கரியின் காற்றிலேயே மைதா மிதக்கிறது. அதையும் விட்டாள்.

விடுவது சிரமமாக இல்லை. வாய்க்கு எல்லாம் ஒன்றுதான்.

"யாருக்கும் தெரியாம பரோட்டாக் கடைப்பக்கம் போயிட்டு வாறீயளோ மதினி?"

நாத்தனார் பவுலின் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். இவளும் சிரிக்கப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் ஹசீனா, மேசையில் எப்போதும் ஒரு பூத்துவாலை வைத்திருப்பாள்.

"குடலுக்குள்ள இப்படித்தாம்மா இருக்கும்." நூல் சுருள்களை விரலால் நிமிர்த்திக் காட்டினாள். "இதுதான் சாப்பாட்டை உறிஞ்சி எடுக்குது. உங்களுக்குக் கோதுமை பட்டா எல்லாம் உதிர்ந்துரும். அப்புறம் வெறும் துணிதான். எதைச் சாப்பிட்டாலும் வழுக்கிட்டுப் போயிரும்."

ரொட்டித்தூள் அளவு போதும் என்றாள். தினமும் பட்டால்.

பிறகு நோட்டை விரித்தாள். இரண்டு வாரம், வாய்க்குள் போனதெல்லாம் எழுதச் சொல்லியிருந்தாள். இட்லி. கருவாட்டுக் குழம்பு. கேப்பைக் கூழ். மாத்திரை. பற்பசையைக்கூட இவள் எழுதியிருந்தாள்.

ஹசீனாவின் விரல் காலை ஆறு மணியில் நின்றது. பதினான்கு நாளும் அந்த இடத்தில் 'கோயில்' என்று மட்டும் இருந்தது.

"பூசையில நாக்குல ஒண்ணு வைப்பாங்களே. வெள்ளையா, வட்டமா. நான் கான்வென்ட்டுலதாம்மா படிச்சேன். ஒருநாள் நானும் போய் வரிசையில நின்னேன். சிஸ்டர் காதைத் திருகி அனுப்பிட்டாங்க."

"அது சாப்பாடு இல்லம்மா."

"சரிதாம்மா. எதுல செய்றாங்க?"

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கோதுமை மாவு. தண்ணீர். இரண்டே பொருள். வேறெதுவும் சேர்க்கக் கூடாது.

மற்றவற்றை விட்டதுபோல் இதை விட முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் மகன் கிளாட்வினை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து, தினமும் பூசையில் அந்த அப்பத்தை, நன்மையை, நாக்கில் வாங்கி அவனுக்காக ஒப்புக்கொடுக்கிறாள். அழுவதில்லை. அவன் படத்துக்கு மாலை போடுவதில்லை. அவனுக்காக அவள் செய்வது இது ஒன்றுதான்.

மறுநாள் வரிசையில் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போனாள். நோயைச் சொன்னாள்.

"அரிசி மாவுல செஞ்சா ஆகாதா ஃபாதர்?"

"ஆகாதும்மா. கோதுமையாத்தான் இருக்கணும்."

அவர் உடுப்பை மடித்து வைத்தார். மடித்ததையே திரும்பவும் மடித்தார்.

"இன்னொரு வழி இருக்கு. அப்பம், இரசம், ரெண்டுல எது ஒண்ணை வாங்கினாலும் முழுசா வாங்கினதுதான். ஒண்ணுல பாதி, இன்னொண்ணுல பாதின்னு கிடையாது."



கிளாட்வினுக்கு மண் போட்டவர் அவர். இருபத்தொன்பது வயதில் ஈரல் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியும். அந்தக் குடியின் வாடை இனி தன் மூச்சில் படக்கூடாது என்று அவள் குழிமேட்டில் நின்று சொன்னதையும் கேட்டிருக்கிறார்.

"இரசம்னா வைன்தாம்மா."

"தெரியும் ஃபாதர்."

பீட வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனார். கடைசி வர்த்தி அணைகிற வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடிக்கிற கிண்ணத்துல அப்பத்தைப் பிட்டு ஒரு துண்டு போடுவீங்கள்ல?"

சாமியார் நிமிர்ந்தார். இருபது வருடமாகத் தினமும் போடுகிறார். அதை அவர் யோசித்திருக்கவில்லை.

"ஆமா. போடுவேன்."

"அப்ப அதுலயும் இருக்கும் ஃபாதர்."

இப்போது பீடத்தில் இரண்டு கிண்ணங்கள். பெரியதில் அவர் அப்பத்தைப் பிட்டுப் போடுகிறார். சின்னது தள்ளி, இடது ஓரத்தில், மூடியோடு இருக்கிறது. அதில் ஒரு வாய் இரசமும் ஒரு சொட்டுத் தண்ணீரும். அப்பத்தைத் தொடாத கையோடு ஒரு சிஸ்டர் அதை எடுத்து அவளிடம் நீட்டுகிறார். வேறு யாரும் அதில் வாய் வைப்பதில்லை.

சின்னதில் கோதுமை இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்துவிடுகிறாள்.