மேலும் கீழும்

போன் வந்தபோது, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜெர்மன் நாவலில் தறிகெட்டுத் திரியும் பதினாறு வயதுப் பையனுக்கு ஒரு பஸ் டிரைவர் புத்தி சொல்கிறார். அதைப் பல்கேரிய மொழிக்குக் கொண்டுவந்தவன் நான். படித்து உருகியவனும் நான்தான்.

வகுப்பு டீச்சர் பேசினார். "உங்க பொண்ணு ரலிட்சா மூணு வாரமா ஸ்கூலுக்கே வரலை. இப்படியே போனா பேரை எடுத்துடுவாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'இளசுகளின் மனமறிந்த மொழிபெயர்ப்பாளர்' என்று எங்கள் பிளோவ்டிவ் நகரப் பத்திரிகை ஒன்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறது. வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் வீட்டிலேயே இப்படி ஒரு புளுகுணியா?

மாலையில் ரலியை எதிரே உட்கார வைத்தேன். மனைவி ஸ்னெஷானா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"தினமும் எங்கே போறே?"

"பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருப்பேன். கிளாஸ்ல ஒருத்தரும் என்கூடப் பேசறதில்லைப்பா."

"பேச்சை மாத்தாதே. ஸ்கூலுக்குப் போனியான்னு தினமும் கேட்டேனா இல்லையா? கூசாம பொய் சொல்லியிருக்கே."

"நான் பொய் சொல்லலை."

"கேட்டியா ஸ்னெஷானா? நான் கேட்கறப்பல்லாம் இதோ, இப்படி மேலும் கீழும் தலையாட்டினா. ஒரு நாளாவது பக்கவாட்டுல ஆட்டினாளா கேளு."

ஸ்னெஷானா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மேலும் கீழும் ஆட்டினா நம்ம பல்கேரியாவுல 'இல்லை'ன்னு அர்த்தம். பக்கவாட்டுல ஆட்டினாத்தான் 'ஆமாம்'. நீங்க எந்த ஊரு?"

ஆறு மாதமாக நான் குடித்தனம் நடத்தியதெல்லாம் அந்த நாவலோடுதான். அதில் வருகிறவர்கள் 'ஆமாம்' என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவார்கள். நம் வாசகர்கள் குழம்பக் கூடாதே என்று அத்தனை தலையாட்டலையும் ஒன்றுவிடாமல் திருப்பிப் போட்டு எழுதியவன் நான். பெற்ற பெண்ணுடையதை மட்டும் கோட்டை விட்டிருக்கிறேன்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். குரல் தானாக இறங்கிவிட்டது.

ரலி மேஜைமேல் கிடந்த என் தாள்களைப் பார்த்தாள்.

"அந்த டிரைவர் சொன்னதைத்தான் செஞ்சேன். 'சொல்ல வாய் வரலைன்னா தலையையாவது ஆட்டு, உன்மேல அக்கறை இருக்கறவங்களுக்குப் புரியும்'னு நீதானேப்பா எழுதி வெச்சிருந்தே?"