காற்று வரும் நேரம்

அவள் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினால் போதும், மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள மாட்டார். திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தோளைப் பிடித்துவிட்டபடி நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

டீக்கடையில் சீட்டாடப் போகிறார் என்று கணவனிடம் புகார் சொன்னாள்.

"சீட்டாடினா தோளா வலிக்கும்?" என்று சிரித்துவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பினான். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான்.

அவள் படமெடுத்தது, ஓவியர்கள் எடுக்கும் வீடியோ படங்களுக்கான ஒரு விருதுப் போட்டிக்காக. கதை, நடிகர், வசனம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே அனுப்பிய படங்கள் போன வழியே திரும்பியிருந்தன. இந்தத் தடவையும் இல்லையென்றால் கேமராவை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அப்படி நினைக்கும்போதே அழுகை வந்தது.

அவள் படத்தில் வருவது பின்னறை ஜன்னலின் வெள்ளைத் திரை மட்டும். மத்தியான வெயில் அதில் பாலாகப் பரவும். காற்று அதை மெல்ல உள்ளே தள்ளி, கொஞ்சம் யோசித்து, திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி. அவ்வளவுதான் படம்.

ஆனால் காற்றுக்கு யார் சொல்வது? முதலில் திரை ஈரத்துணியாகத் தொங்கியது. ஃபேனைப் போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஒருநாள் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தபோது, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு மாமனார் உள்ளே வந்தார்.

"இந்த நேரத்துல இங்க வராதீங்க மாமா" என்று கத்திவிட்டாள்.

அவர் அசையாத திரையையும் அவளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் இந்தச் செருப்பு விவகாரம். கோபித்துக்கொண்டார் போல, கோபித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

காற்று ஒருவழியாக மனமிறங்கியது. மத்தியானத்துக்கு மத்தியானம் வந்தது. திரை எழும்பித் தாழ, அறையே தூக்கத்தில் மூச்சுவிடுவதாகத் தோன்றும். அவளும் அந்தத் தூக்கத்துக்குள் இறங்கிவிடுவாள். விழித்திருக்கிறோமா கனவா என்றே தெரியாது.

ஒரே குறை, ஜன்னலுக்கு வெளியே சந்தில் மாமனார் ஒரு பெரிய அட்டையைச் சாத்தி வைத்திருந்தார். குப்பையில் போடச் சொன்னதற்கு, "இருக்கட்டும்மா, உதவும்" என்றார். உதவுகிற ஆள்தான் என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டாள். படத்தின் கடைசியில், 'நன்றி: காற்றுக்கு மட்டும்' என்று எழுத்துப் போட்டாள். வீட்டில் யாருக்கு உறைக்க வேண்டுமோ உறைக்கட்டும்.

படம் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது. திரையிடலுக்குக் கணவனால் வர முடியவில்லை. மாமனார்தான் துணைக்கு வந்தார்.

"ஏசி இருக்கும்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அரங்கம் இருண்டது. சுவர் அகலத்துக்கு அவளுடைய ஜன்னல் திரை மூச்சுவிட்டது. யாரும் இருமக்கூட இல்லை.

படத்துக்குள்தான் ஓர் இருமல் கேட்டது.

வீட்டில் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்டதே இல்லை. இங்கே அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்களில், திரையின் சரசரப்புக்கு அடியில், அட்டையை விசிறும் சத்தம். அப்புறம் தினமும் காலையில் அவள் கேட்டு எழும் அதே இருமல். அதற்கும் பின்னால் மூச்சிரைக்க ஒரு முணுமுணுப்பு.

"இன்னும் கொஞ்சம்... புள்ள எடுத்து முடிக்கட்டும்..."

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமனார் அரங்கத்தின் கூரையை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். காதோரம் சிவந்திருந்தது. திரையில் அவள் போட்ட நன்றி வந்தது. அவளுக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

விளக்கு வந்ததும் நடுவர் அவளை மேடைக்கு அழைத்தார். அந்த இருமலும் முணுமுணுப்பும் ஜன்னலுக்கு வெளியே யாரோ போகிறவருடையது என்று நினைத்துக்கொண்டாராம்.

"இதுல எதையும் நீங்க செயற்கையா ஏற்பாடு பண்ணல. எங்களுக்குப் பிடிச்சதே அதுதான். ஆனா காத்து எப்ப வரும்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

விருது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆமாம், இயற்கைதான் என்றால் முடிந்தது. கீழே மாமனார் யாருக்கும் தெரியாமல், 'சொல்லிடாதே' என்று தலையசைத்தார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அது ரொம்ப சுலபம் சார். நான் கேமராவை ஸ்டாண்டுல மாட்டினதும், அதோ உக்காந்திருக்காரே எங்க மாமா, அவர் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய கிளம்புவார்."