கூலி மிச்சம்

நடராசன் மில்லுக்கு மிஷின் வரப்போகிறது என்ற செய்தி, கலையரசி அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே ஷெட்டுக்குள் பரவியிருந்தது.

கலையரசி விழுப்புரத்தில் சின்னதாக ஓர் ஆபீஸ் வைத்திருக்கும் இன்ஜினீயர். மிஷின் வாங்க நினைப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது அவள் தொழில்.

வேர்க்கடலை உடைக்கும் நடராசனின் மல்லாட்டை மில், திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் இருந்தது. உடைத்த மல்லாட்டைப் பருப்பை முறத்தில் கொட்டி, சொத்தையும் கறுப்பும் பொறுக்கிக்கொண்டு எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் நாளெல்லாம் செய்கிற வேலையைக் கேமரா வைத்த அந்த மிஷின் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். விலை பதினைந்து லட்சம்.

கலையரசி ஷெட்டைச் சுற்றி வந்து அளவெடுத்தாள். ஆட்களை வாய்விட்டு எண்ணினாள். அது சின்னபொண்ணு காதில் விழுந்திருக்க வேண்டும். எட்டுப் பேரில் மூத்தவள் அவள்தான்.

“மிஷினு வந்தா எங்கள்ல எத்தினி பேரும்மா இருப்போம்?”

முதலாளிதான் முடிவு பண்ணுவார் என்று கலையரசி சொல்லிவிட்டு நகர்ந்தாள். மிஷினுக்கு இரண்டு பேர் போதும் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய அம்மாவும் கண்டமங்கலத்தில் கூலிக்குக் களையெடுத்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்து, மில் மாடியிலிருந்த ஆபீசில் நடராசனுக்குப் பொறுமையாக விளக்கினாள். பன்னிரண்டு சதவீத வட்டியில் பார்த்தால், பத்து வருஷம் கழித்துக் கைக்கு வரும் ஒரு ரூபாய் இன்றைக்கு முப்பத்திரண்டு காசுதான். அதனால் வருஷா வருஷம் வரப்போகும் ஆதாயத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குச் சுருக்கிக் கூட்டி, அதிலிருந்து மிஷின் விலையைக் கழிக்க வேண்டும். மிச்சம் நின்றால் வாங்கலாம். இங்கே இருபத்தோரு லட்சத்துக்கு மேல் நிற்கிறது.

நடராசன் முகத்தில் சந்தோஷமே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இந்த வரியை எடுத்துடுங்க மேடம்.”

‘கூலி மிச்சம்: ஆறு பேர், வருஷத்துக்கு நாலரை லட்சம்’ என்றிருந்தது அந்த வரி.

கலையரசிக்குச் சுருக்கென்றது. ஆட்களை நிறுத்திய பிறகு நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால், ஆள் குறைக்கவா வாங்கினேன், தரத்துக்காகத்தானே வாங்கினேன் என்று இந்த ரிப்போர்ட்டைக் காட்டுவார். இப்படி மறைக்கச் சொன்னவர்களை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். பொய்க் கணக்குல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“நீங்க போட்டிருக்கறதுதான் பொய்க் கணக்கு,” என்றார் நடராசன் அமைதியாக. “நான் யாரையும் நிறுத்தப் போறதில்ல. அப்புறம் கூலி எப்படி மிச்சமாவும்?”

கலையரசி லேப்டாப்பைத் திறந்தாள். வரியை நீக்கினாள். பருப்பு சுத்தமாக இருப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் விலை மட்டும் நின்றது. அதிலும் கரண்டுக்கும் ரிப்பேருக்கும் போக, மிஷின் விலைக்கு எட்டவில்லை. மூன்று லட்சத்து எழுபதாயிரம் நஷ்டம். வாங்க வேண்டாம் என்று சொன்னாள்.

நடராசன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“அவ்ளோதானா? பத்து லட்சம் கையைக் கடிக்கும்னு பயந்துக்கினு இருந்தேன். எவ்ளோ போவும்னு தெரிஞ்சிக்கத்தான் உங்களக் கூப்பிட்டதே. ஆர்டர் போட்டுடலாம்.”

அவளுக்குப் புரியவில்லை. ஆளும் குறையாது, லாபமும் வராது என்றால் எதற்கு இந்த மிஷின் என்று கேட்டாள்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவளையும் வரச் சொன்னார். கீழே ஷெட்டில் சின்னபொண்ணு முறத்தின் மேல் குனிந்து, ஒவ்வொரு பருப்பாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த பூமாலை என்பவளின் கை, தன் முறத்தை விட்டு அந்த முறத்துக்குள் போயிற்று. நாலு சொத்தையைப் பொறுக்கிவிட்டுத் திரும்பி வந்தது. சின்னபொண்ணு நிமிரவில்லை.

“சர்க்கரையில சின்னபொண்ணுக்கு ரெண்டு கண்ணும் மங்கிப்போச்சு,” என்றார் நடராசன், குரலைத் தாழ்த்தி. “இனிமே ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லன்னுட்டாங்களாம். அது மருமவன்தான் எங்கிட்ட சொன்னான். சும்மா உட்காரவெச்சுக் கூலி குடுத்தா வாங்காது, மறுநாளே நின்னுடும். மிஷினு வந்துட்டா பருப்பு வந்து விழற எடத்துல சாக்கைப் பிடிச்சா போதும், அதுக்குக் கண்ணு வேணாம்.”

கலையரசி ஷெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூமாலையின் கை மறுபடியும் அந்த முறத்துக்குப் போயிற்று.

“ரெண்டு வருஷமா மத்த ஏழு பேரும் மாத்தி மாத்தி இப்படித்தான் பண்ணிக்கினு இருக்குதுங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. கீழ போனா சொல்லிடாதீங்க மேடம்.”