சூடாகிவிட்ட செவர்லே

"யாரும் தொடப்படாது. கண்ணால பாருங்கோ, போதும்."

காலையிலிருந்து இதையே சொல்லிப் பராசரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூட மைதானத்தில் அன்றைக்குப் பழைய கார்க் கண்காட்சி. மெட்ராஸிலிருந்து வரிசையாக வண்டிகள் வந்து நின்றன. உள்ளூர் வண்டிகள் இரண்டுதான். ஒன்று, ஆடிட் ஆபீசர் பராசரனின் மாரிஸ். அதற்குப் பக்கத்திலேயே வடக்குப்பட்டு ரைஸ்மில் தாண்டவராயனின் செவர்லே. இரண்டும் திறந்த கார்கள்.

உள்ளூர் வண்டிக்கென்று தனியாக ஒரு வெள்ளிக் கப் வைத்திருந்தார்கள். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் பராசரன் மாரிஸுக்கு அடியில்தான் படுத்துக் கிடந்தார். அந்தக் கப் தனக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

ஆனால் கூட்டமெல்லாம் செவர்லேயைச் சுற்றித்தான். அதன் பானெட்டில் குங்குமம், பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். வருகிற பிள்ளைகளையெல்லாம் தாண்டவராயன் உள்ளே ஏற்றி, ஹாரன் அடிக்க விட்டுக்கொண்டிருந்தார்.

"இது காரா, கோயில் தேரா?" என்று பராசரன் நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். தாண்டவராயன் சிரித்துக்கொண்டே இன்னொரு பிள்ளையை உள்ளே தூக்கி விட்டார்.

மூன்று மணி சுமாருக்குப் பராசரனின் தங்கை வைதேஹி மைதானத்துக்குள் வேகமாக வந்தாள். மறுநாள் காலையில் அவள் பெண் யதுகிரிக்குக் கல்யாணம். அதற்கு முன்னால், கண்காட்சி நடந்த அன்றைக்கே சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்து வர வேண்டும். தாய்மாமன் என்கிற முறையில் பராசரன் வீட்டில் இருந்திருக்க வேண்டிய நாள். அவரோ, பரிசளிப்பு முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே நின்றிருந்தார்.

காஞ்சிபுரத்தில் பேசி வைத்திருந்த கார் வாலாஜாபாத் தாண்டி அச்சு முறிந்து கிடக்கிறதாம்.

"அண்ணா, ஒரு மணி நேரம் உன் வண்டியைக் கொடு. திறந்த கார் இல்லேன்னா ஜானவாசமே வேண்டாம்னு சம்பந்தி முறைச்சுண்டு உட்கார்ந்திருக்கார்."

"அஞ்சு மணிக்கு ஜட்ஜுகள் வரா வைதேஹி."

"தெரியும். இருந்தாலும் கேக்கறேன்."

"ஜானவாசம்னா தெருப் பசங்க அத்தனை பேரும் செருப்புக் காலோட ஏறுவான்கள். பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்? ஒரு டாக்சியைப் பிடிச்சு ஒப்பேத்துங்கோ. மாப்பிள்ளை அதுல உட்கார மாட்டாரா என்ன?"

பக்கத்தில் தாண்டவராயன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்நியர் எதிரில் மேற்கொண்டு பேச வைதேஹிக்குப் பிடிக்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பராசரனுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. துணியை எடுத்து மாரிஸின் விளக்கை இன்னொரு தரம் துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் செவர்லே உறுமியது. தாண்டவராயன் வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்.

"என்ன, கிளம்பிட்டேள்?"

"இன்ஜின் சூடாவுது சார். ரேடியேட்டர் ஒழுவுது போல கீது. ஜட்ஜுங்க முன்னாடி நின்னுட்டா அசிங்கம். நான் ஓட்டிகினு போறேன்."

"முன்னாடியே பார்த்திருக்கணும். பொட்டு வெச்சா மட்டும் வண்டி ஓடிடாது" என்றார் பராசரன். அன்று முழுக்க அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசவில்லை.

ஐந்து மணிக்கு ஜட்ஜுகள் வந்தார்கள். இன்னொரு வண்டி எங்கே என்று அவர்கள் கேட்க, பயந்து ஓடிவிட்டது என்றார் பராசரன். எல்லோரும் சிரித்தார்கள். மாரிஸ் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. போட்டியில் மிஞ்சியிருந்த ஒரே உள்ளூர் வண்டி என்பதால் முதல் பரிசுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதனாலென்ன, பராசரன் கப்பை இரண்டு கையாலும் வாங்கி, போட்டோவுக்கு நிமிர்ந்து நின்றார்.

கப்பைப் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு ஓட்டினார். வழியெல்லாம் சம்பந்திக்கு என்ன சமாதானம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தார். சன்னதித் தெரு முனையிலேயே நாதஸ்வரம் கேட்டது. காஸ் விளக்குகளுக்கு நடுவே ஊர்வலம் மெல்ல ஊர்ந்து வந்தது.

நடுவில், செவர்லே.

பின் சீட்டில் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. அவரைச் சுற்றி, மட்கார்டு, பானெட் என்று பாக்கி இல்லாமல் தெருப் பிள்ளைகள். பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் புதிதாக விழுந்திருந்தது. ஸ்டியரிங்கில் தாண்டவராயன். பராசரனைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

"ரேடியேட்டர் இப்ப பரவால்ல சார்" என்றார், தாழ்ந்த குரலில்.

பராசரனுக்கு இறங்குவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. கப்பை எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளினார். அதற்குள் வைதேஹி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோர் எதிரிலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. பின்னாலேயே சம்பந்தி கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே அண்ணா. நீ சொல்லித்தான் வண்டியைக் கொண்டு வந்தேன்னு ரைஸ்மில்காரர் சொல்லிட்டார்."