ஏணி மேல் ஒரு கை

புது டிரில் வாங்க வந்த கடையின் ஏணியில் நான்காம் படியில் நிற்கிறாள், வீடுகளுக்குத் திரைச்சீலை மாட்டும் தொழில் செய்கிறவள். இடது கை ஏணியைப் பிடித்திருக்கிறது, வலது கையில் வயர் இல்லாத பெரிய டிரில். போன மாதம் பேட்டரி மாற்றுவதற்காக இரண்டு கையையும் ஏணியிலிருந்து எடுத்து, கீழே விழுந்து தோள்பட்டை இறங்கியது. இன்னொரு முறை விழுந்தால் தொழிலையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "பெரிய பேட்டரி அண்ணி, நாள் பூரா ஓடும்," என்கிறான் கீழே நிற்கும் கொழுந்தன். "நாள் பூரா நீயா தம்பி தூக்கப்போற?" டிரில்லை இடுப்புக்கும் படிக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு விரல்களால் அடியில் துழாவுகிறாள். பேட்டரியைக் கழற்ற இரண்டு பக்கமும் பொத்தான். ஒன்று அமுங்கினால் மற்றது அமுங்க மறுக்கிறது. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாரும் ஓட்டை போட்டுப் பார்ப்பாங்கம்மா. நீங்க என்ன, பேட்டரியவே நோண்டிட்டிருக்கீங்க?" "ஓட்டை எல்லா டிரில்லும் போடும்ங்க. அந்தச் சின்னதயும் அதோட இன்னொரு பேட்டரியயும் குடுங்க." சின்னதில் முன்பக்கம் ஒரே பொத்தான். கட்டைவிரல் பட்டதும் பேட்டரி வழுக்கிக்கொண்டு உள்ளங்கையில் வந்து உட்காருகிறது. அதை இடுப்புப் பைக்குள் போட்டு, அங்கே வைத்திருந்த இன்னொன்றை எடுத்துச் செருகுகிறாள். டக். விசையை அழுத்த, டிரில்லின் குட்டி விளக்கொளி கூரையில் வட்டமாக விழுகிறது. இடது கை ஏணியை விடவே இல்லை. "இதுவே போதும். ரெண்டு பேட்டரியோட கட்டுங்க," என்று இறங்குகிறாள். கடைக்காரர் கட்டவில்லை. இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, பெரிய டிரில்லை இடுப்புக்கும் மேசைக்கும் நடுவே இடுக்கி, ஒற்றைக் கையால் அதன் பேட்டரியைக் கழற்றப் பார்க்கிறார்.