புகை காட்டாத அடிக்கட்டை

கரீபியத் தீவின் கலினாகோ பழங்குடி ஊரில் தோணிக்காக கோமியே மரத்தை வெட்டுகிறவன், அதன் பிசினில் ஒரு கட்டியை அடிக்கட்டையின் மேல் வைத்துப் புகைத்துவிட்டுத்தான் மலையிறங்குவான். பிராஸ்பர் புகைக்கவில்லை. தோணியின் இடுக்கை அடைக்கவே பிசின் போதவில்லையாம். தன் மரத்துக்கு முட்டிபோட்டுப் புகை காட்டிய வால்மோனிடம், "கட்டை ஆசீர்வாதம் பண்ணிச்சா மச்சான்?" என்று கேட்டான்.

எந்தத் தோணியிலும் கொஞ்சம் தண்ணீர் கசியும். பிராஸ்பரின் தோணியில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

"நீ மீன் பிடிக்க வந்தியா, கடலைக் காலி பண்ண வந்தியா?" என்பான், குனிந்து இறைக்கும் வால்மோனைப் பார்த்து. தன் தோணியில் கிடந்த இறைக்கும் சுரைக்குடுவையையும் தூக்கிக் கடலில் எறிந்தான்.

ஒரு காலையில் பிராஸ்பரின் மகன் அந்தத் தோணியில் கடலுக்குப் போயிருந்தான். பிராஸ்பர் பிசின் எடுக்க மலையேறினான். அவன் தோணிக்காக வெட்டிய மரத்தின் அடிக்கட்டையின் நடுப்பகுதி குழிந்து, அதில் தண்ணீர் நின்றது.

"மழைத் தண்ணி," என்று சொல்லிக்கொண்டு விரலை விட்டு நக்கினான். உப்புக் கரித்தது. உள்ளே ஒரு பொடிமீன் சுற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு விரல் ஏறினால் வழிந்துவிடும். கடலில் மகனிடம் இறைக்கக் குடுவைகூட இல்லை.

பிராஸ்பர் தொப்பியைக் கழற்றினான். கட்டைக்கு முன்னால் முட்டிபோட்டு இறைக்கத் தொடங்கினான்.