யாரும் எடுத்துக்கொள்ளலாம்

தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் வலது கையின் மூன்று விரல்களை இழந்த கணவன் சகாயத்துக்காக, கையில் மாட்டிக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி ஒன்றைக் காகிதத்தில் வரைந்திருந்தாள் ஜெசிந்தா. அதைக் கணினியில் வடிவமைக்க இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று அவள் சம்பளத்துக்கு எட்டாதது. மற்றது இலவசம், ஆனால் அதில் வரைவதை யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம்.

"எவனாவது திருடி அவன் பேர்ல வித்துருவான்டி," என்றாள் தோழி மும்தாஜ்.

ஜெசிந்தாவின் விரல் மவுஸின் மேல் நின்றது. சகாயத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க கம்பெனியில பாதிப் பேருக்குப் பத்து விரல் கிடையாது," என்றான் அவன்.

இலவசத்தை அழுத்தினாள்.

வரைந்து முடித்த மூன்றாம் நாள், நாற்பது பேர் அதை எடுத்திருந்தார்கள். யார் யாரென்று தெரியவில்லை. ஒருவர் மட்டும் கீழே எழுதியிருந்தார்: "இடது கைக்கும் போட்டுத் தருவீங்களா?"